மஞ்சள் காய்ச்சல் கொள்ளைநோய்களின் வரலாற்றை ஆராய்வது எப்படி

கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சல் வேறு, மஞ்சள் காமாலை வேறு. இந்த வித்தியாசம் மனதில் பதியாமல் பழைய ஏடுகளைத் திறந்தால் கண்ணில் படுகிற காமாலை மரணமெல்லாம் கணக்கில் ஏறிவிடும்.

முதலில் நோயின் நாள்கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். கொசு கடித்த மூன்று முதல் ஆறு நாளில் காய்ச்சல் வரும். நோயாளியைக் கடித்த கொசு அடுத்தவருக்குத் தொற்ற வைக்க ஏறக்குறைய 12 நாள் ஆகும். அதனால் முதல் நோயாளிக்கும் அடுத்த கும்பலுக்கும் நடுவே இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி விழும். 1898இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலச் சிற்றூர்களில் மருத்துவர் ஹென்றி கார்ட்டர் கவனித்தது இதைத்தான். குளிர்நாட்டு ஊர்களில் உறைபனி விழுந்தால் கொசு மடியும், நோயும் ஓயும். கையில் கிடைக்கும் பதிவு இந்தக் கணக்குக்கு ஒத்துவராவிட்டால், அது மலேரியாவா, எலிக்காய்ச்சலா என்று பாருங்கள்.

ஒரே ஊர், ஒரே ஆண்டு என்று தொடங்குவது நல்லது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா 1793, மெம்ஃபிஸ் 1878, அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் 1871 மூன்றுக்கும் சான்றுகள் நிறைய உண்டு.

நோயின் பழைய பெயர்களில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'யெல்லோ ஜாக்', 'பிளாக் வாமிட்', ஸ்பானியத்தில் 'வோமிட்டோ நெக்ரோ', போர்ச்சுகீசியத்தில் 'ஃபெப்ரே அமரேலா' என எல்லாவற்றையும் தேடுங்கள். 'பிலியஸ் ஃபீவர்' (பித்தக் காய்ச்சல்) என்று மட்டும் இருந்தால் நம்பாதீர்கள், அது பெரும்பாலும் மலேரியாவாக இருக்கும். கறுப்பு வாந்தி, கண் மஞ்சளித்தல், ஓரிரு நாள் தணிந்து மறுபடி முற்றுதல் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் வலுவான அடையாளம். இன்னொரு சிக்கல்: 1793ஆம் ஆண்டு ஆங்கில அச்சில் 'எஸ்' எழுத்து நீண்டு 'எஃப்' போலத் தெரியும். கணினித் தேடல் 'சிக்' (நோயுற்ற) என்பதை 'ஃபிக்' என்று படித்து வைத்திருக்கும், இரண்டையும் தட்டிப் பாருங்கள்.

இறந்தவர் பட்டியலுக்கு ஓர் அட்டவணை போடுங்கள்: இறந்த தேதி, பெயர், வயது, பிறந்த ஊர், தெரு, சொல்லப்பட்ட காரணம், எந்த ஏடு, எந்தப் பக்கம். அடக்கம் செய்த தேதிக்குத் தனிப் பத்தி வேண்டும். ஒரே ஆள் தேவாலயப் பதிவிலும் செய்தித்தாளிலும் இரண்டு முறை வருவார். பொது இடுகாட்டில் புதைத்த ஏழை எந்தத் தேவாலயப் பதிவிலும் இருக்க மாட்டார்.

விகிதம் போடும்போது எதால் வகுக்கிறோம் என்பதில் கவனம் தேவை. 1878இல் மெம்ஃபிஸில் ஏறக்குறைய 47,000 பேர் இருந்தார்கள், இறந்தவர்கள் 5,000 பேர் அளவில். பத்தில் ஒருவர் போலத் தோன்றும். ஆனால் 25,000க்கு மேற்பட்டோர் ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள். தங்கியவர்களில் நாலில் ஒருவர் செத்திருக்கிறார் என்பதே உண்மை நிலவரம்.

செய்தித்தாளைப் படிக்கும்போது பக்கத்துத் துறைமுகத்துத் தாளையும் சேர்த்துப் படியுங்கள். வணிகம் கெடும் என்று சொந்த ஊர்த் தாள் முதல் சில வாரம் வாய் திறக்காது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 'குரோனிக்ளிங் அமெரிக்கா' தொகுப்பில் பழைய இதழ்கள் இலவசம். கொசுதான் நோயைப் பரப்புகிறது என்று காட்டிய, 1900இல் கியூபாவில் நடந்த வால்டர் ரீட் குழுவின் ஆய்வுக்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஹென்ச் தொகுப்பைப் பாருங்கள்.

எந்தச் சான்றையும் தனியாக நம்பக் கூடாது என்பதற்கு ஃபிலடெல்ஃபியாவே சாட்சி. கறுப்பின மக்களை இந்த நோய் தொடாது என்று மருத்துவர் பெஞ்சமின் ரஷ் எழுதினார். அதை நம்பி அவர்களைச் செவிலிப் பணிக்கு அழைத்தார்கள். அவர்களில் சிலர் கொள்ளை விலை கேட்டதாகவும் திருடியதாகவும் பதிப்பாளர் மேத்யூ கேரி அச்சிட்டார். 1794இல் கறுப்பினத் தலைவர்களான அப்சலம் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும் மறுப்பு வெளியிட்டு, சவப்பெட்டிக்கும் கூலிக்கும் ஆன வரவு செலவை முன்வைத்தார்கள். கூடவே, நோய் தங்கள் மக்களையும் கொன்றது என்பதற்கு அடக்கப் பதிவிலிருந்து இரண்டு எண்களை எடுத்துக் காட்டினார்கள்: புதைக்கப்பட்ட கறுப்பினத்தவர் 1792இல் 67 பேர், 1793இல் 305 பேர்.