கால்களை எண்ணிப் பாருங்கள்

மும்பை மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் முப்பத்தோரு வருஷம் ரீடச்சிங், அதாவது படத்தைக் கையால் திருத்தும் வேலை பார்த்தவன் நான். 1979-இல் லேபர் கேம்ப்பிலிருந்து ஒரு அண்ணாச்சி குடும்பப் படத்தோடு வந்தார். சீட்டுப் பணத் தகராறில் மாப்பிள்ளையோடு பேச்சு அறுந்துபோயிருந்தது. "தம்பி, இந்த ஆளை மட்டும் எடுத்துரு" என்றார். பிரிண்டின் மேல் பிரஷ் போட்டு, பின்னால் தொங்கிய திரையை மாப்பிள்ளை நின்ற இடத்தில் நீட்டி வரைந்தேன். அதைத் திரும்பப் படமெடுத்துப் புது நெகட்டிவ் போட்டுக் கொடுத்தேன். வேலை சுத்தம் என்றுதான் நினைத்தேன். படத்தை மாட்டிய அன்றே அண்ணாச்சியின் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணியிருக்கிறார். "எலே, தலை ஒம்பது இருக்கு, கால் பத்தொம்பது இருக்கே. இது யாரு காலுலே?"

என் பேத்தி கல்லூரியில் சர்வாதிகார அரசுகளின் பிரசாரம் பற்றிப் படிக்கிறாள். பாடத்தில் எல்லாம் பெரிய பெரிய வார்த்தை. அந்த ஆச்சியின் வழியைத்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

முதலில் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளைத் தேடிப் பிடியுங்கள், பழையது ஒன்று, பிந்தையது ஒன்று. 1937-இல் மாஸ்கோ கால்வாய் ஓரம் சோவியத் சர்வாதிகாரி ஸ்டாலின் நடந்துபோகும் படம் இணையத்தில் கிடைக்கும். பழைய பிரதியில் அவர் பக்கத்தில் குட்டையாக ஒருவர் வருவார். பெயர் யெசோவ். ரகசியப் போலீஸின் தலைவர், லட்சக்கணக்கானவர்களைச் சாவுக்கு அனுப்பியவர். 1940-இல் அவரையே சுட்டுக் கொன்றார்கள். பிந்தைய பிரதியில் அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் ஓடுகிறது. தொழில்காரனாகச் சொல்கிறேன், தண்ணீர் வரைவது ரொம்பச் சுலபம். அலையை யாரும் எண்ண மாட்டார்கள். மரப்பலகையை வரைவதுதான் கஷ்டம். 1920 மே 5 அன்று மாஸ்கோவில் மர மேடை மேல் நின்று லெனின் பேசுகிறார். மேடைப் படியில் அவருடைய கட்சித் தோழர்கள் ட்ராட்ஸ்கியும் காமெனேவும் நிற்கிறார்கள். இருவரும் பின்னாளில் ஸ்டாலினுக்கு ஆகாதவர்கள். அவர்களை எடுத்துவிட்டு அங்கே படிக்கட்டை வரைந்திருக்கிறார்கள். படிக்கட்டில் கோடு ஒன்று பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதை வரைந்தவன் கை நடுங்கியிருக்கும். எனக்குக் கூலி போகும் என்ற பயம் மட்டும்தான், அவனுக்கு அப்படியில்லை.

பழைய பிரதி கிடைக்காவிட்டால் நிற்பவர்களின் உடம்பைப் பாருங்கள். ஆளை எடுத்துவிடலாம், அவருக்காகப் பக்கத்தில் நின்றவர்கள் ஒதுங்கி விட்ட இடம் அப்படியே இருக்கும். தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நிழல், கால், முந்தானை எல்லாம் நான் கோட்டைவிட்ட இடங்கள்.

ஆனால் கோட்டை விட்டது எல்லாமே தவறுதல் இல்லை. 1976 செப்டம்பரில் சீனத் தலைவர் மாவோ இறந்தபோது தலைவர்கள் வரிசையாக நின்று அஞ்சலி செலுத்தினார்கள். அடுத்த மாதமே அவருடைய மனைவி உட்பட நான்கு பேர் கைது. அப்புறம் வெளியான படத்தில் அந்த நான்கு பேரும் இல்லை. அவர்கள் நின்ற இடம் பல்லு போன வாய் மாதிரி காலியாக இருந்தது. பக்கத்தில் நிற்பவரை நகர்த்தி அடைத்திருக்கலாம், ஒரு நாள் வேலை. அடைக்கவில்லை. இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஓட்டையை எல்லோரும் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். நீங்கள் நம்பினீர்களா என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். அதனால் ஒரு பிரசாரப் படம் அசட்டுத்தனமாக இருந்தால் சிரித்துவிட்டு நகராதீர்கள். இவ்வளவு மோசமாகச் செய்தும் இதை மாட்ட முடிகிறது என்றால் அந்த ஊரில் நிலவரம் என்ன என்று கேளுங்கள்.

அடுத்து, கேமரா எங்கே நின்றது? 1934-இல் ஹிட்லர் கட்சியின் நியூரம்பர்க் மாநாட்டைப் படமெடுக்க ஒரு கொடிக்கம்பத்தில் லிப்டே பொருத்தினார்கள். கூட்டத்தை மேலிருந்து எடுத்தால் மனிதர்கள் கட்டம் போட்ட கோலம் மாதிரி தெரிவார்கள். தலைவரைக் கீழிருந்து எடுத்தால் வானம்தான் பின்னணி. கல்யாண வீட்டில் குட்டையான மாப்பிள்ளைக்கு நாங்களும் உட்கார்ந்துதான் எடுப்போம். இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி 1937-இல் லிபியாவில் குதிரை மேல் வாளைத் தூக்கிப் பிடித்திருக்கும் படத்தில், குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவரை அழித்துவிட்டார்கள். ஆள் பிடிக்காமல் குதிரை நிற்காது என்பது தெரியக்கூடாதாம்!

படத்தோடு நிற்காமல் காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். பெர்லினில் ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸின் அமைச்சகம் பத்திரிகைக்காரர்களைத் தினமும் கூப்பிட்டு எதைப் போடணும், எதைப் போடக்கூடாது என்று சொல்லி அனுப்பியது. 1933-இல் 76 மார்க்கு விலையில் மக்கள் ரேடியோ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதன் மாடல் எண் 301, அதாவது 30-1, ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30. வீட்டுக்குள் ஒரே குரல் போய்விட்டது. 1939-இல் போர் தொடங்கியதும் வெளிநாட்டு நிலையம் கேட்பதே குற்றம் என்றார்கள்.

நம் ஊரில் 1975-இல் நெருக்கடி நிலை வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயசு. அதை ஹிட்லர் ஆட்சியோடு நிறுத்த மாட்டேன். இருபத்தொரு மாதத்தில் தேர்தல் வந்தது, ஆட்சி தோற்றது. ஆனாலும் காதைத் தீட்ட அப்போதுதான் பழகினேன். 1976 மே மாதம் கிஷோர் குமார் பாட்டு ரேடியோவில் நின்றுபோனது. அரசு நிகழ்ச்சிக்கு ஒத்துழைக்க மாட்டேன் என்றார் என்பதற்காக. தாராவி சலூனில் முடிவெட்டுபவர் ரேடியோவைத் தட்டித் தட்டிப் பார்த்தார், பெட்டியில்தான் கோளாறு என்று. லோக்கல் வண்டியில் பக்கத்து சீட்டுக்காரர், "என்ன இருந்தாலும் ரயில் நேரத்துக்கு ஓடுது" என்பார். மறுநாள் வேறொருவர் அதே வார்த்தையில் சொல்வார். முசோலினியின் இத்தாலியைப் பற்றியும் இதையே சொன்னார்கள் என்று பிற்பாடு படித்தேன். ஒரே வாக்கியம் சொல் மாறாமல் மூன்று வாயில் வந்தால் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் ஸ்டூடியோ பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதினேன்.

தணிக்கைக் காலத்தில் செய்தியைத் தலைப்பில் தேடாதீர்கள், சின்ன எழுத்தில் தேடுங்கள். 1975-இல் மும்பை டைம்ஸ் ஆப் இந்தியாவில் ஒரு மரண அறிவிப்பு விளம்பரம் வந்தது. டி.இ.எம். ஓ'க்ரசி என்பவர் ஜூன் 26 அன்று காலமானாராம். பெயரின் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் 'டெமாக்ரசி', அதாவது ஜனநாயகம். விளம்பரப் பிரிவில் இருந்த யாரும் சேர்த்துப் படிக்கவில்லை போலும்.

போனில் வரும் படத்துக்கும் இதேதான். முதலில் கட்டைவிரலால் கீழே உள்ள எழுத்தை மறையுங்கள். படம் மட்டும் என்ன சொல்கிறது? கூட்டம் இருக்கிறது, அவ்வளவுதான். எந்த ஊர், எந்த வருஷம், தானாக வந்தார்களா, லாரியில் ஏற்றி வந்தார்களா, எதையும் படம் சொல்லாது, எழுத்துதான் சொன்னது. அப்புறம் கூகுள் லென்ஸில் போட்டுப் பழைய பிரதி இருக்கிறதா பாருங்கள். கடைவாசல் போர்டு எந்த மொழி, வண்டி நம்பர் எந்த மாநிலம், ஜனங்கள் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஜூன் மாத மும்பை என்று வந்த படத்தில் ஸ்வெட்டரை என் பேத்திதான் கண்டுபிடித்தாள். எனக்குக் கண் மங்கிவிட்டது.

கடைசியாக ஒன்று. பழையதைத் தூக்கி எறியாதீர்கள். பழைய பாடப்புத்தகம், பழைய பேப்பர், தேதி தெரிகிற ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இருக்கட்டும். யெசோவ் இருந்த பிரதி ஒன்று எங்கோ தப்பித்ததால்தான் தண்ணீர் பொய் என்று நமக்குத் தெரிகிறது.

நானும் அண்ணாச்சியின் முதல் நெகட்டிவை ஒரு சாக்லேட் டப்பாவில் வைத்திருந்தேன். ஏழு வருஷம் கழித்துத் தகராறு தீர்ந்து, மாப்பிள்ளையையே கூட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, இவரைத் திரும்ப வைக்க முடியுமா?" டப்பாவைத் திறந்து பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அதற்கும் காசு வாங்கினேன்.