வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப: ஜெர்மனியில் படிப்பவர்களுக்கான வார இறுதிப் பயண வழிகாட்டி

நண்பர்கள் சேர்ந்து திட்டம் போட உட்கார்ந்தால் முதல் கேள்வி எப்போதும் "எங்கே போகலாம்?" என்பதுதான். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு எத்தனை மணிக்குள் அறைக்குள் நுழைந்திருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வெள்ளி மாலை 4 மணிக்குக் கிளம்பி ஞாயிறு இரவு 10 மணிக்குத் திரும்பினால் கையில் இருப்பது 54 மணி நேரம். இரண்டு இரவுத் தூக்கத்துக்கு 15 மணி, போக வர 10 மணி போனால், ஊரைப் பார்க்க மிஞ்சுவது 29 மணி நேரம்தான். அதனால் ஒரு வழிப் பயணம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டும் ஊர்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஈஸ்டருக்குப் பின் 39ஆம் நாள், எப்போதும் வியாழக்கிழமையில், கிறிஸ்து விண்ணேற்ற விடுமுறை வரும். வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லையென்றால் நான்கு நாள் கிடைக்கும். ரோம், பார்சிலோனா போன்ற தூரத்து ஊர்கள் அதற்குத்தான் சரி.

ஆள் எண்ணிக்கை நான்கு அல்லது ஐந்து போதும். ஒரு மாநிலத்துக்குள் ஒரு நாள் செல்லும் ஜெர்மன் மாநில ரயில் டிக்கெட்டில் ஐந்து பேர் வரைதான் சேர்ந்து போக முடியும். ஹாஸ்டல்களிலும் நான்கு அல்லது ஆறு படுக்கை அறைகளே அதிகம். எட்டுப் பேர் போனால் சாப்பிட இடம் கிடைக்கவே ஒரு மணி நேரம் போய்விடும்.

பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு

ஜெர்மனியின் செல்லுபடியாகும் ரெசிடென்ஸ் கார்டு இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் தங்கலாம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது. குரோஷியா 2023 முதல் ஷெங்கனில் உள்ளது. பல்கேரியா, ருமேனியாவின் தரை எல்லைகளும் 2025 ஜனவரி முதல் திறந்துவிட்டன. பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேராது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு அங்கே தனி விசா வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று லண்டன் டிக்கெட்டை முதலில் வாங்கிவிடாதீர்கள்.

பாஸ்போர்ட், கார்டு இரண்டின் அசலும் எல்லோர் பையிலும் இருக்க வேண்டும். போனில் உள்ள படம் எல்லையில் செல்லாது. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் தற்காலிகச் சோதனையைத் தொடங்கியது. போகும்போது யாரும் கேட்காத அட்டையைத் திரும்பும்போது ஃபெடரல் போலீஸ் பஸ்ஸுக்குள் ஏறிக் கேட்பார்கள். ஒருவரிடம் இல்லாவிட்டாலும் பஸ் முழுக்கக் காத்திருக்க நேரலாம்.

கார்டு புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டு இடைக்காலச் சான்றான ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் தாளை மட்டும் வைத்திருப்பவர்கள் அந்த மாதங்களில் ஜெர்மனிக்குள்ளேயே சுற்றுவது நல்லது. அந்தத் தாளில் மூன்று வகை உண்டு, எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து உரிமை மாறும். எல்லை தாண்டியே ஆக வேண்டும் என்றால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டாய்ச்லாண்ட் டிக்கெட்டை எல்லை வரை இழுப்பது

2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கிய இந்த மாதாந்திர டிக்கெட் 2025இல் 58 யூரோ ஆகி, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. பல பல்கலைக்கழகங்களில் மலிவான செமஸ்டர் டிக்கெட்டாகவே வந்துவிடுகிறது. சந்தா எடுத்தவர்கள் அந்த மாத முடிவோடு நிறுத்த வேண்டுமானால் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும்.

ஆர்இ, ஆர்பி, எஸ்-பான் ஆகிய வட்டார ரயில்கள், நகரப் பஸ், டிராம் எல்லாவற்றிலும் இது செல்லும். ஐசிஇ, ஐசி, ஈசி ஆகிய நெடுந்தூர ரயில்களிலும் ஃபிளிக்ஸ் வண்டிகளிலும் செல்லாது. ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும் வண்டிகளை மட்டும் காட்டும் வடிகட்டி உண்டு. அதைப் போடாமல் தேடி, தவறுதலாக ஐசி வண்டியில் ஏறிவிடுவது அடிக்கடி நடக்கிறது. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் குறைந்தது 60 யூரோ.

பலருக்குத் தெரியாத நன்மை, இதே டிக்கெட் சில வெளிநாட்டு நிலையங்கள் வரை செல்லும் என்பது. மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் மத்திய நிலையம் வரை வட்டார ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், கூடுதல் காசு இல்லை. ஆஸ்திரிய எல்லை ஊரான கூஃப்ஷ்டைன் வரையும் அப்படித்தான். ஃப்ரைபுர்க் பக்கமிருந்து பாசலின் பாடிஷர் நிலையம் வரை செல்லும். ஷ்ட்ராஸ்பர்க் போக கெல் நிலையத்தில் இறங்கி டி டிராமைப் பிடியுங்கள், ரைன் ஆற்றைத் தாண்டி ஊருக்குள்ளேயே கொண்டுவிடும். டிராமுக்கு மட்டும் தனி டிக்கெட். எல்லைக்கு அப்பாலும் ரயிலில் போவதானால், முழுத் தூரத்துக்கும் ஐசிஇ வாங்குவதற்கு முன், எல்லை நிலையத்திலிருந்து தொடங்கும் டிக்கெட்டின் விலையையும் பாருங்கள். சில தடங்களில் அது குறைவாக வரும்.

வேறு நாட்டிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் கூட இருந்தால் அவர்களுக்கு மாநில டிக்கெட் எடுங்கள். பவேரியா மாநிலத்தின் பயர்ன் டிக்கெட் சனி, ஞாயிறுகளில் நள்ளிரவு 12 மணியிலிருந்தும் வேலைநாளில் காலை 9 மணியிலிருந்தும் தொடங்கி, மறுநாள் அதிகாலை 3 மணி வரை செல்லும். பெயர்களை எழுத மறந்தால் டிக்கெட் செல்லாது.

மாறும் இடங்களில்தான் பயணம் கெடும். ஐந்து நிமிடத்தில் பிளாட்பாரம் மாறச் சொல்லும் இணைப்புகளைச் செயலி கூசாமல் காட்டும். 20 நிமிடத்துக்குக் குறைவானதை எடுக்காதீர்கள். தடத்தில் பராமரிப்பு வேலை என்றால் வார இறுதியில்தான் அதிகம் வைப்பார்கள், அன்றைக்கு ரயிலுக்குப் பதில் எஸ்இவி என்ற பஸ் ஓடும், நேரம் இரட்டிப்பாகும். வியாழன் இரவு ஒருமுறை செயலியைத் திறந்து பார்த்துவிடுங்கள். இன்னொன்று, டாய்ச்லாண்ட் டிக்கெட்காரர்கள் ஆர்இ தாமதமானது என்று அதே டிக்கெட்டில் ஐசிஇயில் ஏற முடியாது.

ஐசிஇயில் போவதானால், ஒரு குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும் செல்லும் மலிவு டிக்கெட்டான ஷ்பார்பிரைஸ் வாங்கலாம். சூப்பர் ஷ்பார்பிரைஸ் சில யூரோ குறைவு, ஆனால் ரத்து செய்தால் பணம் வராது. ஐந்து பேரில் ஒருவருக்குத் தேர்வுத் தேதி மாறுவது வழக்கம் என்பதால் சூப்பரைத் தவிர்ப்பது மேல். சேரும் இடத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் குறிப்பிட்ட வண்டியில்தான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு நீங்கிவிடும், அடுத்த வண்டியில் ஏறலாம்.

15 யூரோ விமானம்

விமான நிலையத்தின் பெயரை நம்பாமல் வரைபடத்தில் தூரத்தைப் பாருங்கள். மெம்மிங்கன் மியூனிக்கிலிருந்து 100 கி.மீ.க்கு மேல். பொவே பாரிசிலிருந்து 80 கி.மீ.க்கு மேல். இந்த முனையில் ஒன்றரை மணி நேரம் பஸ், இரண்டு மணி நேரம் முன்னதாக இருப்பு, ஒன்றரை மணி நேரம் பறப்பு, அந்த முனையில் மறுபடி ஒன்றேகால் மணி நேரம் பஸ். ஆறு மணி நேரத்தைத் தாண்டிவிடும். பஸ் கட்டணத்தைச் சேர்த்தால் 15 யூரோ டிக்கெட் 50, 60 யூரோ ஆகியிருக்கும். ரயிலில் எட்டு மணி நேரத்துக்கு மேலாகும் ஊருக்கு மட்டும் விமானம் எடுங்கள்.

எடுத்தால் இரண்டு விஷயம். மலிவு விமான நிறுவனங்களான ரையன்ஏர், விஸ்ஏரில் இலவசப் பை 40×30×20 செ.மீ. மட்டுமே, சக்கரப் பெட்டி அதற்குள் அடங்காது. ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு ஆவணச் சரிபார்ப்பு உண்டு. அதைக் கவுண்ட்டரில் முடித்துவிட்டுப் பாதுகாப்புச் சோதனைக்குப் போங்கள். ஏறும் வாசலில் போய் நின்ற பிறகு திருப்பி அனுப்பப்பட்டால் மீண்டும் வந்துசேர நேரம் இருக்காது.

தங்குவது

ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், அல்லது இரவு டிராம் தடத்தில் இருக்கும் படுக்கைக்குத் தலைக்கு ஐந்து யூரோ கூடக் கொடுக்கலாம். வெள்ளி இரவு 11 மணிக்கு வந்து சேர்வீர்கள் என்றால் வரவேற்பு மேசை எத்தனை மணிக்கு மூடும் என்று எழுதிக் கேளுங்கள். லாக்கருக்கு ஆளுக்கொரு சிறு பூட்டு எடுத்துப் போங்கள். நகர வரியைப் பல இடங்களில் அங்கே போய்த்தான் வாங்குவார்கள், ரொக்கமாகவும் கேட்பதுண்டு. நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை ஷ்ட்ராஸ்பர்க், நியூரம்பர்க் போன்ற கிறிஸ்துமஸ் சந்தை ஊர்களில் அறை வாடகை எகிறிவிடும். பக்கத்து ஊரில் தங்கி ரயிலில் போய் வருவதே வழி.

இரவுப் பஸ் ஓர் இரவு வாடகையை மிச்சப்படுத்தும் என்று தோன்றும். அதிகாலை 5 மணிக்கு இறக்கிவிட்டால் அறை கிடைப்பது பிற்பகல் 3 மணிக்கு. ஜனவரியில் அந்தப் பத்து மணி நேரத்தை வெளியே கழிப்பது உடம்புக்கு ஆகாது. கோடையில் மட்டும் செய்யுங்கள்.

சாப்பாடும் காசும்

வெள்ளி இரவுக்குக் கட்டுச்சோறு கட்டிவிடுங்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம், சப்பாத்தியோடு தக்காளித் தொக்கு, எல்லாமே மறுநாள் காலை வரை தாங்கும். ரயிலிலும் பஸ்ஸிலும் தடை இல்லை. விமானத்தில் தொக்கு, ஊறுகாய், தயிர் எல்லாம் திரவக் கணக்கில் சேரும், 100 மி.லி.க்கு மேல் இருந்தால் பல விமான நிலையங்களில் எடுத்துவிடுவார்கள். இட்லிப் பொடிக்குப் பிரச்சினை இல்லை, அதற்கான நல்லெண்ணெய்க்கு உண்டு. ஞாயிறன்று ஜெர்மனி, ஆஸ்திரியாவில் சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை மட்டும் திறந்திருக்கும். சனி மாலையே ரொட்டி, பழம், தண்ணீர் வாங்கி வையுங்கள். பாரிஸ் போனால் கார் து நோர் நிலையத்திலிருந்து லா ஷபெல் பக்கம் பத்து நிமிடம் நடந்தால் ஈழத்தமிழர் கடைகளில் கொத்து ரொட்டியும் தோசையும் கிடைக்கும்.

பாரிசுக்கு ரெசிடென்ஸ் கார்டு இன்னொரு வகையிலும் உதவும். 26 வயதுக்குக் கீழே இருந்து ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் வசிப்பதைக் காட்டினால் லூவ்ர், ஓர்சே அருங்காட்சியகங்கள், வெற்றி வளைவு, சேன்ட் ஷபெல் தேவாலயம் எல்லாமே இலவசம். லூவ்ர் செவ்வாய்க்கிழமையும் ஓர்சே திங்கட்கிழமையும் மூடல், வார இறுதிக்காரர்களுக்கு அதனால் இடைஞ்சல் இல்லை. இலவசம் என்றாலும் லூவ்ருக்கு நேரத்தை முன்பதிவு செய்துவிடுங்கள்.

செக், ஹங்கேரி, போலந்து, சுவிட்சர்லாந்தில் யூரோ கிடையாது. ஏடிஎம் "யூரோவில் கணக்கிடவா?" என்று கேட்டால் மறுத்து, உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். யூரோவைத் தொட்டால் அவர்கள் வைத்த விகிதத்தில் பணம் போகும். பிராகில் காகித டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது, மஞ்சள் பெட்டியில் நேரம் குத்த வேண்டும். இத்தாலியின் காகித வட்டார ரயில் டிக்கெட்டுக்கும் அதே விதி. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ரோமிங் விதிக்குள் வராததால், பாசல், கான்ஸ்டன்ஸ் பக்கம் போகும்போது மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள்.

விசாவுக்காகப் பணம் போட்டு வைத்த பிளாக்டு அக்கவுண்ட்டிலிருந்து மாதம் 992 யூரோ மட்டும் வரும் நண்பரும் வேலை பார்க்கும் நண்பரும் ஒரே குழுவில் இருப்பார்கள். கிளம்பும் முன்பே தலைக்கு உச்சவரம்பைப் பேசிவிடுங்கள், அதைக் குறைவாக இருப்பவர் சொல்லட்டும். செலவுகளை அன்றன்று இரவே செலவு பிரிக்கும் செயலியான ஸ்பிளிட்வைஸில் ஏற்றுங்கள். திங்கட்கிழமை நினைவிலிருந்து எழுதினால் காபிக் காசில் மனத்தாங்கல் வரும். டிக்கெட், முன்பதிவுகளின் பிடிஎஃப் எல்லோர் போனிலும் இருக்கட்டும். ஒருவர் போனில் மட்டும் இருந்து, அவர் சார்ஜ் தீர்ந்தால் ஐந்து பேரும் நிற்க வேண்டும்.

ஞாயிறு

கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்தைய இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள். காலையில் அறையைக் காலி செய்ததும் பைகளை ஹாஸ்டலிலேயே விட்டுவிடலாம். நிலைய லாக்கர் என்றால் நாணயங்கள் வேண்டும், கழிவறைக்கும்தான். மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் கடிகாரம் மாறும். மார்ச்சில் ஒரு மணி நேரம் தூக்கம் குறையும், பழைய கைக்கடிகாரத்தைப் பார்த்துப் போனால் ரயில் போயிருக்கும்.

ஐசிஇ ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 விழுக்காடும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 50 விழுக்காடும் திரும்பக் கேட்கலாம். டிக்கெட் வாங்கிய கணக்கிலேயே விண்ணப்பம் இருக்கும், மூன்று மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். ஐந்து பேர் டிக்கெட்டையும் ஒருவரே வாங்கியிருந்தால் பணம் அவர் கணக்குக்கு வரும், வந்ததும் ஸ்பிளிட்வைஸில் கழித்துவிடுங்கள்.