வீட்டுக்கு எந்த வகை நீச்சல் குளம்? முதலில் ஒரு குழி தோண்டிப் பாருங்கள்

வீட்டில் நீச்சல் குளம் கட்டும் பேச்சு பெரும்பாலும் டைல்ஸ் நிறத்தில் தொடங்குகிறது. தொடங்கவேண்டிய இடம் மண். கான்கிரீட்டா, ஃபைபரா, பிளாஸ்டிக் விரிப்பு போட்ட லைனரா என்ற கேள்விக்குப் பாதிப் பதிலை உங்கள் மனையின் நிலத்தடி நீரே சொல்லிவிடும். மீதியைச் சொல்வது தெருவின் அகலமும் போர் தண்ணீரும்.

அளவை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம் தாராளம். அது 800 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் என்று பார்த்தால் சுமார் 22,600 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி இரண்டு. ஒரு முனையை 7, 8 அடிக்கு இறக்கச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். தோண்டும் செலவு, கம்பி, தண்ணீர், குளோரின் எல்லாம் ஏறும், அந்த முனையில் யாரும் நிற்கவும் மாட்டார்கள். தலைகீழாகப் பாய்வதற்கு வீட்டுக் குளம் இடமே அல்ல.

மொட்டை மாடியில் கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆள் நடமாடும் மாடிக்கு வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை வைத்துத்தான் வடிவமைப்பார்கள். 4 அடித் தண்ணீர் மட்டுமே சதுர மீட்டருக்கு 1,200 கிலோவைத் தாண்டும். எட்டு மடங்கு. "தாங்கும் சார்" என்ற வாய்வார்த்தை போதாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கையெழுத்திட்ட வரைபடம் இல்லாமல் அந்தப் பேச்சை எடுக்கவேண்டாம்.

குழிச் சோதனை

ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்து ஓய்ந்த சமயத்தில், குளம் வரப்போகும் இடத்தில் 6 அல்லது 7 அடிக்குக் குழி தோண்டுங்கள். ஓரம் சரியாமலும் யாரும் விழாமலும் மூடி வைத்து, மறுநாள் காலை தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சித்திரையில் தோண்டிப் பார்த்து "தண்ணியே இல்ல" என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவீர்கள். அடுத்த மழைக்காலம்வரை காத்திருக்க முடியாவிட்டால், பக்கத்து வீட்டுக் கிணற்றில் மழைக்காலத்தில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கும் என்று விசாரியுங்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், காலியான குளம் ஒரு படகு. மேலே சொன்ன 20க்கு 10 அளவில், சுவரும் தளமும் 8 அங்குலக் கனத்தில் கட்டிய கான்கிரீட் தொட்டி சுமார் 23 டன் எடை இருக்கும். நிலத்தடி நீர் தரைக்கு ஓரடி கீழ்வரை ஏறி நின்றால், அது தொட்டியை மேலே தள்ளும் விசை சுமார் 25 டன். நிறைந்திருக்கும்வரை உள்ளேயிருக்கும் தண்ணீர் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சுத்தம் செய்கிறேன் என்று கார்த்திகையில் மொத்தமாக இறைத்தால் தொட்டி எழும்பும், பைப் முறியும், தளம் வெடிக்கும். அதே அளவு ஃபைபர் தொட்டியின் எடை ஒரு டன்கூடத் தேறாது. அது எழும்ப இதைவிடக் குறைந்த தண்ணீரே போதும்.

ஆகவே சென்னைக் கடற்கரை ஓரம், டெல்டா போன்ற இடங்களில் குழியில் தண்ணீர் தரையிலிருந்து 4 அடி ஆழத்துக்கும் மேலே ஏறி நின்றால், கனமான கான்கிரீட் நல்லது. தளத்துக்குக் கீழே ஜல்லிப் படுகையும், அதிலிருந்து தரை மட்டம்வரை ஒரு 6 அங்குலப் பைப்பும் வைக்கச் சொல்லுங்கள். குளத்தை இறைக்கும் முன் அந்தப் பைப்பில் எட்டிப் பார்த்து, தண்ணீர் இருந்தால் முதலில் அதை இறைத்துவிடலாம். தளத்தில், அடித்தண்ணீர் அழுத்தினால் தானே திறந்து அதைக் குளத்துக்குள் விடும் ஹைட்ரோஸ்டேடிக் வால்வும் இருக்கட்டும். அதைவிட எளிய வழி, குளத்தைப் பாதி தரைக்கு மேலேயே கட்டிவிடுவது. இரண்டு படி ஏறி இறங்குவது ஒன்றும் குறையில்லை.

கரிசல் மண்ணின் தொல்லை வேறு மாதிரி. மழையில் ஊதும், கோடையில் சுருங்கிப் பாளம் வெடிக்கும். அந்த மண்ணை அடியிலும் பக்கத்திலும் அகற்றி, கிராவல் போட்டு அடுக்கடுக்காக இடித்து இறுக்காமல் எந்த வகைக் குளமும் வைக்கக்கூடாது.

கான்கிரீட்

நினைத்த வடிவம் வரும், நீண்டநாள் உழைக்கும், வேலையும் மாதக்கணக்கில் இழுக்கும். தண்ணீர்த் தொட்டிகளுக்கான ஐஎஸ் 3370 விதிப்படி எம்30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட் வேண்டும். செங்கல் சுவர் எழுப்பிப் பூசிவிடலாம் என்று சொல்லும் மேஸ்திரிக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். ஒழுகல் பெரும்பாலும் சுவரின் நடுவில் வராது. தளமும் சுவரும் சேரும் மூட்டிலும், பைப் சுவரைத் துளைக்கும் இடத்திலும்தான் வரும். மூட்டில் தண்ணீரைத் தடுக்கும் வாட்டர்ஸ்டாப் பட்டை இருக்கவேண்டும். பைப்புகளைக் கான்கிரீட் போடும்போதே பட்டை வளையத்தோடு உள்ளே வைத்துவிடவேண்டும். பிறகு டிரில் போட்டுச் சொருகும் பைப் என்றைக்காவது கசியும். டைல்ஸ் ஒட்டச் சிமெண்ட் பால் வேண்டாம், குளத்துக்கான பசையே வேண்டும். இடுக்குக்கு எபாக்சி கிரவுட். ஒயிட் சிமெண்ட் இடுக்கு அரித்துப்போய்ப் பாசிக்குத்தான் வீடாகும்.

ஃபைபர்

தொழிற்சாலையில் ஒரே துண்டாக வார்த்து வருவது. குழி தயாராக இருந்தால் சில நாளில் இறக்கிவிடலாம். வழவழப்பால் பாசி பிடிப்பதும் குறைவு. சிக்கல் தெருவில் இருக்கிறது. 10 அடி அகலத் தொட்டி லாரியில் வந்து, கிரேன் நின்று, மின்கம்பியைத் தாண்டி உள்ளே இறங்கவேண்டும். வாங்கும் முன் டேப் எடுத்துப்போய்த் தெரு முனையை அளந்துவிடுங்கள். பக்கவாட்டில் மண் நிரப்பும்போது உள்ளே தண்ணீரும் ஓரடி, வெளியே மணலும் ஓரடி என்று சேர்ந்தே ஏறவேண்டும். ஒன்று முந்தினால் சுவர் பிதுங்கும்.

லைனர், ஃபிரேம்

லைனர் குளத்தில் தண்ணீரைத் தாங்குவது பிவிசி விரிப்பு. உள்ளே பாலியஸ்டர் இழை வலை வைத்த 1.5 மில்லிமீட்டர் விரிப்பையே கேளுங்கள். பத்து வருடத்தை ஒட்டி மாற்றவேண்டி வரும். பழைய கான்கிரீட் குளம் ஒழுகினால் இடிக்காமல் சரிசெய்ய இதுவே நல்ல வழி. பெருச்சாளி வளை உள்ள தோட்டத்தில் மட்டும் யோசிக்கவும்.

சின்னப் பிள்ளைகளுக்காக இரண்டு கோடைக்கு மட்டும் என்றால், சமதளத்தில் வைக்கும் ஃபிரேம் குளம் போதும். 10 அடி வட்டம், இரண்டரை அடி உயரம் என்றால் நாலாயிரத்துச் சொச்சம் லிட்டர். உடன் வரும் குட்டி ஃபில்டரை நம்பாதீர்கள்.

தண்ணீரும் ஃபில்டரும்

ஒரு வாளி போர் தண்ணீரில் ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். பழுப்பாக மாறினால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. அதை அப்படியே குளத்தில் விட்டுக் குளோரின் போட்டால் குளமே டீ நிறத்துக்கு வரும், டைல்ஸிலும் கறை ஏறும். கால்சியம் கடினத்தன்மை 400 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 400 மில்லிகிராம்) மேல் போனால் நீர்மட்டத்தில் வெள்ளைப் படிவம் கட்டும். கோடையில் 200 சதுர அடிக் குளம் நாளுக்குச் சுமார் 90 லிட்டரை ஆவியாக இழக்கும். ஆவி போகும், உப்பு தங்கும், ஈடுகட்ட ஊற்றும் தண்ணீரும் உப்பைக் கொண்டுவரும். கடினமான தண்ணீர்தான் கதி என்றால் பிளீச்சிங் பவுடர் வகைக் குளோரினைத் தவிர்த்துத் திரவக் குளோரின் போடுங்கள். பவுடர் இன்னும் கால்சியம் சேர்க்கும்.

ஃபில்டர் மொத்தத் தண்ணீரையும் 6 மணி நேரத்தில் ஒருமுறை சுற்றவேண்டும். நம் அளவுக்கு மணிக்கு 4,000 லிட்டர். சாண்ட் ஃபில்டரின் அழுத்தமானி சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட அரை பார் ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் தலைகீழாக விட்டு மணலைக் கழுவவேண்டும். விளிம்பு ததும்பும் ஓவர்ஃப்ளோ பார்க்க அழகு. ஆனால் வழியும் தண்ணீரைப் பிடிக்க ஓரத்தில் வடிகாலும் தனியாக ஒன்றரை, இரண்டாயிரம் லிட்டர் தொட்டியும் கேட்கும். வீட்டுக்கு, மேலே மிதக்கும் இலை தூசியை இழுக்கும் ஸ்கிம்மரே போதும். வேப்பமரம் பக்கத்தில் இருந்தால் இரண்டாகப் போடுங்கள்.

எந்த வகையானாலும் உறிஞ்சும் வாய் இரண்டு வேண்டும், அவற்றுக்கு நடுவே மூன்றடி இடைவெளி. ஒரே வாய் என்றால் பிள்ளையின் முடியோ கையோ சிக்கும் ஆபத்து உண்டு. விளக்கு 12 வோல்ட், இணைப்புக்கு மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, சுற்றிலும் 4 அடி வேலி, தானே மூடும் கதவு.

கான்கிரீட் என்றால் டைல்ஸ் ஒட்டும் முன் நிரப்பி ஏழு நாள் வைக்கவேண்டும். முதல் ஓரிரு நாள் கான்கிரீட் கொஞ்சம் குடிக்கும். அதன் பிறகு படியில் ஒரு வாளியை வைத்து, குளத்தின் மட்டத்துக்கே அதிலும் தண்ணீர் ஊற்றி, உள்ளேயும் வெளியேயும் கோடு போடுங்கள். 24 மணி நேரம் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்தது. வெளிக்கோடு அதிகம் இறங்கியிருந்தால் ஒழுகல். ஒழுகல் அடைபடும்வரை அடுத்த தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.