அடைமழைக்கு முன் வீட்டு நீச்சல் குளத்தை மூடி வைக்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நீச்சல் குளம் வைத்திருப்பவர்களில் பலர் வெளியூரில் இருப்பவர்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் பொங்கலுக்குத்தான் திரும்புவார்கள். பனி பொழியும் நாடுகளில், குழாய்க்குள் நீர் உறைந்து வெடித்துவிடும் என்று குழாய்களை வடித்து, காற்றடித்து, அடைத்து வைப்பார்கள். நமக்கு அந்த வேலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையைச் சமாளித்தால் போதும்.

முதலில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: குளத்தை முழுவதும் வடித்துவிட்டுப் போகாதீர்கள். மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது, காலியான தொட்டியை அது அடியிலிருந்து முட்டித் தூக்கும். தளம் விரிசல் விடும். உள்ளே நிற்கும் நீரின் எடைதான் தொட்டிக்குக் காவல்.

1. கொள்ளளவு. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, 1000-ஆல் பெருக்குங்கள். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழம் என்றால் 40,000 லிட்டர். கீழே உள்ள அளவுகள் இந்தக் குளத்துக்கானவை.

2. காரத்தன்மை. அமிலம் சேர்ந்தாலும் நீர் சட்டென்று மாறாமல் தாங்கும் திறன் இது. நீரைச் சோதிக்கும் பரிசோதனைப் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான். 80 முதல் 120 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) வரை இருக்கலாம், மழைநீர் இதைக் குறைத்துவிடும் என்பதால் மூடும்போது 120-ஐ ஒட்டி வைப்பது நல்லது. 10 பி.பி.எம். உயர்த்த ஏறக்குறைய 670 கிராம் ஆப்ப சோடா போதும்.

3. பி.எச். நீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு இது. 7.4 முதல் 7.6 வரை இருக்க வேண்டும். 8-ஐத் தொட்டால், போட்ட குளோரினில் பெரும்பகுதி வலுவிழந்துவிடும். ஆழ்குழாய் நீர் கடினமாக இருந்து பி.எச்.சும் ஏறினால், நீர்மட்டக் கோட்டில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். குறைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒரு வாளி நீரில் கால் லிட்டர் அமிலத்தை ஊற்றி, அதைக் குளத்தில் சேருங்கள். அமிலத்தின் மேல் நீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். மோட்டாரைச் சில மணி நேரம் ஓடவிட்டு மறுபடி சோதியுங்கள். குளத்தைச் சுற்றி ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது சிமெண்டில் செய்தது. ஒரு சொட்டு அமிலம் பட்டாலும் பளபளப்பு அரித்து, துடைத்தாலும் போகாத தழும்பு விழும். வாளியை வைக்குமுன் கல்லின் மேல் நீரை ஓடவிடுங்கள்.

4. குளோரின். இலை தழைகளை அள்ளி, சுவர்களைத் தேய்த்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு போடுங்கள். பகல் வெயில் குளோரினைத் தின்றுவிடும். வழக்கமான நாட்களில் 1 முதல் 3 பி.பி.எம். போதும். மூடும்போது 10 பி.பி.எம். வரை ஏற்ற, 65 சதவீதக் குளோரின் குருணை சுமார் 600 கிராம் தேவை. பிளாஸ்டிக் வாளி நீரில் குருணையைப் போட்டுக் கரைத்து ஊற்றுங்கள். அமிலமும் குளோரினும் ஒரே வாளியில், ஒரே அலமாரியில் இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் எழும் நச்சு வாயு உயிரைப் பறிக்கும்.

5. மூடி. தார்ப்பாய் எனக்குச் சம்மதமில்லை. அதன் பள்ளங்களில் தேங்கும் மழைநீரில் கொசு முட்டையிடும். அதைவிட, தரை என்று நினைத்துக் குழந்தை கால் வைத்துவிடும். இலைகளைத் தடுக்க இழுத்துக் கட்டிய நைலான் வலை போதும். குழந்தைகள் வராமலிருக்க வேலியும் பூட்டிய கதவும் வேண்டும், வலையை நம்ப முடியாது. மாடியிலிருந்து இறங்கும் மழைக்குழாயைக் குளத்தின் பக்கம் திருப்பாதீர்கள்.

6. ஒப்படைப்பு. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மூன்று வேலை சொல்லுங்கள்: தினமும் இரண்டு மூன்று மணி நேரம் மோட்டார் ஓட்டுவது, வாரம் ஒரு முறை குளோரின் பார்த்துப் போடுவது, பெருமழைக்குப் பின் நிரம்பி வழியாமல் மட்டத்தைக் குறைப்பது.

திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி சோதியுங்கள். ஆழமான பக்கத்தின் அடித்தளம் தெளிவாகத் தெரியாத வரை யாரையும் நீரில் இறக்காதீர்கள்.