செங்குத்தான மேடுகளில் ஏற எந்த சைட்-பை-சைட் வண்டி? முதன்முறை வாங்குவோருக்குச் சில படிகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்னும் ஊரைச் சுற்றியுள்ள மணற்பாறை மேடுகளில் ஏறிப் பார்க்கும் ஆசையோடு சைட்-பை-சைட் (அருகருகே அமர்ந்து கரடுமுரடான பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) வாங்கப் போகிறவர்கள், கடையில் முதலில் விசாரிப்பது எத்தனை குதிரைத்திறன் என்பதைத்தான். மேடேறும் வண்டியைப் பொறுத்தவரை அது கடைசியில் கேட்கவேண்டிய கேள்வி.

முதலில் நீங்கள் ஓட்டப்போகும் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க வனத்துறைப் பாதைகள் பலவற்றில் 50 அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை. 64 அங்குல அகலமுள்ள போலாரிஸ் நிறுவனத்தின் ஆர்.இசட்.ஆர். எக்ஸ்.பி. 1000 வாங்கியவர் அத்தகைய பாதையின் வாயிலிலேயே திரும்பவேண்டியதுதான். உயரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். கொலராடோவின் இமோஜின் கணவாய் 13,000 அடிக்கு மேல் உள்ளது. டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி) இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் ஆற்றலை இழப்பதால், கீழே 100 குதிரைத்திறன் தந்தது அங்கே 70-க்குக் கீழே இறங்கிவிடும். இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவர் மட்டும் டர்போவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருள் உண்டு.

அடுத்து, சரிவை அளக்கப் பழகுங்கள். 45 டிகிரி என்பது 100 சதவீதச் சரிவு. கண்ணுக்கு மலைப்பாகத் தெரியும் 15 டிகிரி வெறும் 27 சதவீதம்தான். ஆனால் பண்ணை வேலைக்கான சில வண்டிகளின் கையேடு அந்த 15 டிகிரியையே எல்லையாகக் குறிப்பிடுகிறது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே கையேட்டைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

மூன்றாவதான கியர் அமைப்பில்தான் அதிக நேரம் செலவிடவேண்டும். ஆர்.இசட்.ஆர்., கேன்-ஆம் மேவரிக் எக்ஸ்3, கவாசாகி கே.ஆர்.எக்ஸ். ஆகியவற்றில் எஞ்சினின் ஆற்றலைக் கடத்துவது ஒரு ரப்பர் பெல்ட். வேகம் குறைந்து சுமை கூடும்போது, புல்லிகளின் பிடியிலிருந்து பெல்ட் வழுக்கி, சூடேறி, கருகத் தொடங்கும். மெதுவாக, ஆனால் அதிக இழுவையோடு செல்ல உதவும் லோ கியர் இருப்பது இதைத் தவிர்ப்பதற்காகத்தான். கருகிய ரப்பரின் நெடியை நான் அறிந்துகொண்டது, ஹை கியரிலேயே ஒரு மேட்டை முடித்துவிடலாம் என்று நினைத்த நாளில். மாற்று பெல்ட் அன்று வீட்டில் பத்திரமாக இருந்தது. ஹோண்டா டேலனில் பெல்ட்டுக்குப் பதிலாக, தானாகவே கியர் மாற்றும் இரட்டை கிளட்ச் கியர்பெட்டி உள்ளது. பாறையில் மெல்ல ஊர்ந்து ஏற விரும்பும் புதியவருக்கு நான் அதையே சொல்வேன். யமஹா ஒய்.எக்ஸ்.இசட். 1000ஆர் பைக் போல ஐந்து கியர் கொண்டது. ஆனால் அதில் கிளட்ச் மிதி உள்ள வகையை, கிளட்ச் பழகாதவர் நடுமேட்டில் அணைத்துவிடுவார்.

பிறகு முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். அது குறைவாக இருந்தால் செங்குத்தில் முன்சக்கரம் எளிதில் தூக்கும். அதிகமாக இருந்தால் மேட்டின் உச்சியில் வண்டியின் வயிறு தட்டும். கே.ஆர்.எக்ஸில் இது 98.8 அங்குலம், மேவரிக் எக்ஸ்3-இல் 102 அங்குலம். எதை வாங்கினாலும் ஐஸ் பெட்டியையும் உபரி டயரையும் பின் அச்சுக்கு அப்பால் கட்டினால் அந்த எடை முன்பக்கத்தைத் தூக்கிவிடும்.

முன் டிஃபரென்ஷியலை (இரு முன்சக்கரங்களுக்கும் ஆற்றலைப் பிரித்துத் தரும் அமைப்பு) பூட்டும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பூட்டு இல்லாவிட்டால், பாறைப்படியில் ஒரு முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முன்பக்கத்துக்கு வரும் ஆற்றல் முழுவதும் அந்தச் சக்கரத்தைச் சுழற்றுவதிலேயே வீணாகலாம். டயர் விஷயத்தில் ஒன்றுதான்: பெரிய டயர் மாட்டினால் அதே கியரில் இழுவை குறைந்து, பெல்ட்டின் சுமை கூடும்.

கடைசியாக, வாங்க நினைக்கும் வண்டியை அரை நாள் வாடகைக்கு எடுங்கள். அனுபவசாலி ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, மிதமான மேட்டின் நடுவில் நிறுத்தி, மீண்டும் கிளப்பிப் பாருங்கள். ஏற முடியாவிட்டால் குறுக்கே திருப்பாதீர்கள், பக்கவாட்டில் உருளும். ரிவர்ஸ் கியரில் நேர்கோட்டிலேயே பின்னிறங்குங்கள். அப்படி இறங்கும்போது எஞ்சின் வண்டியை எந்த அளவுக்குப் பிடித்து நிறுத்துகிறது என்பதைக் கவனித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.