சித்தர் பாடல் படிக்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாண்டுகளுக்கும் மேலாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடிச் சித்தர் பாடல்களைப் படித்து வருகிறோம். புதிதாக வருபவர் முதல் மூன்று மாதங்களில் எங்கெங்கே இடறுவார் என்பதை இப்போதெல்லாம் என்னால் முன்கூட்டியே சொல்லிவிட முடிகிறது. இருபத்தைந்து வயதில் நானும் அதே இடங்களில் இடறியவன் என்பதைத் தவிர அதில் வேறு சூட்சுமம் இல்லை. காவி கட்டியவரையெல்லாம் நம்பாதீர்கள், பாதரசத்தைக் கட்டிச் செய்ததாகச் சொல்லும் ரசமணிக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள் என்பன போன்ற, எவருக்கும் தெரிந்த எச்சரிக்கைகளை இங்கே விட்டுவிடுகிறேன். உண்மையான அக்கறையோடு படிப்பவர்கள் விழும் குழிகளை மட்டும் சொல்கிறேன்.

சொல்லின் மேல்தோலோடு நின்றுவிடுவது

திருமூலர் பாடிய திருமந்திரத்தின் ஒன்பதாம் தந்திரத்தில் (தந்திரம் என்பது நூலின் பெரும்பிரிவு) சூனிய சம்பாடணை என்றொரு பகுதி உண்டு. கத்தரி விதை போட்டால் பாகல் முளைக்கிறது, புழுதியைத் தோண்டினால் பூசணி பூக்கிறது, கடைசியில் பழுப்பதோ வாழை. இப்படிப்பட்ட பாடலில் மறைபொருள் இருக்கிறது என்று எவரும் உடனே சுதாரித்துக்கொள்வார். ஏமாற்றுவது, மேலோட்டமாகவும் பொருள் தந்துவிடுகிற பாடல்தான். "பார்ப்பான் அகத்திலே பாற்பசு ஐந்துண்டு" என்ற அடியைப் படித்த ஒருவர், அக்கிரகாரத்து வீடு ஒன்றில் ஐந்து மாடுகள் மேய்ப்பாரின்றித் திரிகின்றன என்று சொல்லி, அதன்மேல் ஒரு சமூக வரலாற்றையே கட்டத் தொடங்கிவிட்டார். இங்கே பார்ப்பான் என்பது பார்க்கின்றவன், அதாவது உயிர். அகம் வீடு மட்டுமன்று, உள்ளமும் உடலுமாகும். ஐந்து பசுக்கள் ஐம்பொறிகள். மேய்ப்பார் கிடைத்து வெறி அடங்கினால் ஐந்தும் பால் சொரியும் என்று பாடல் முடிகிறது.

கடுவெளிச் சித்தரின் ஆண்டி "நாலாறு மாதமாய்" குயவனை வேண்டித் தோண்டி வாங்கியதை நாற்பெருக்கல் ஆறாகக் கணக்கிட்டு, இருபத்துநான்கு மாதம் எதைக் குறிக்கும் என்று ஒரு மாலை முழுவதும் குழம்பினோம். நாலும் ஆறும் பத்து. தோண்டி என்பது உடல்; அது கருவில் இருக்கும் பத்து மாதம். அதைச் சட்டென்று சொன்னவர், பேரனைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக அமர்ந்திருந்த ஒரு பாட்டி.

அறுபத்துநாலு எண்ணுவது

மற்ற தவறுகளைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேச என்னால் முடியும். இதைப் பற்றி முடியாது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமம் பற்றிய பகுதியில் இந்தப் பாடல் வருகிறது:

ஏறுதல் பூரகம் ஈரெட்டு வாமத்தால்
ஆறுதல் கும்பம் அறுபத்து நாலதில்
ஊறுதல் முப்பத் திரண்டதி ரேசகம்
மாறுதல் ஒன்றின்கண் வஞ்சக மாமே

இடப்பக்க நாசியால் பதினாறு அளவு இழுத்து, அறுபத்துநாலு அளவு நிறுத்தி, முப்பத்திரண்டு அளவு விடவேண்டும். எண்கள் தெளிவாக இருப்பதால், படித்த அன்றைக்கே செய்து பார்க்கலாம் என்று எவருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. வாடகை அறையில் மேசைக் கடிகாரத்தை எதிரே வைத்து, விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கினேன். முதல் நாள் முப்பது விநாடி. பத்தாம் நாள் ஐம்பதைத் தாண்டிவிட்டேன். காதில் ஓயாத இரைச்சல் கேட்டது, பிடரியில் சூடு ஏறியது, இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை தூக்கம் வரவில்லை. இவற்றையெல்லாம் குண்டலினி எழும் அறிகுறிகள் என்று எடுத்துக்கொண்டு நாட்குறிப்பில் மகிழ்ச்சியோடு எழுதி வைத்தேன் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. மூன்றாவது வாரம் ஒருநாள் காலை கண்ணாடியில் பார்த்தபோது இடக்கண்ணின் வெண்மையில் குன்றிமணி அளவுக்கு இரத்தம் கட்டியிருந்தது.

தெருக்கோடியில் இருந்த வயதான வைத்தியரிடம் போனேன். அவர் கண்ணைப் பார்த்தார், நாடி பிடித்தார், நான் ஒப்பித்த பாடலையும் முழுவதுமாகக் கேட்டார். பிறகு, "அந்த அறுபத்துநாலு எதிலே தம்பி? படியிலேயா, மரக்காலிலேயா?" என்றார்.

அவர் கேட்டது கேலியாகத் தோன்றினாலும், விஷயம் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பாடலில் அலகே இல்லை. அதே பகுதியில் சற்றுத் தள்ளி வரும் மற்றொரு பாடல் "வாமத்தில் ஈரெட்டு மாத்திரை பூரித்தே" என்று அலகைச் சொல்கிறது. மாத்திரை என்பதோ கடிகாரத்தின் விநாடி அன்று. தொல்காப்பியம் அதைக் கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம் என்று வரையறுக்கிறது. யோக நூல்களில், முழங்காலைக் கையால் ஒருமுறை சுற்றி ஒரு நொடி போடும் நேரத்தை மாத்திரையாகக் கொள்ளும் வழக்கமும் உண்டு. எந்த மாத்திரையைக் கொள்வது, எதிலிருந்து தொடங்குவது என்பதை அருகில் இருந்து சொல்லித்தர ஒருவர் இருப்பார் என்ற துணிவில்தான் பாடல் இவ்வளவு சுருக்கமாக இருக்கிறது. மனனம் செய்வதற்காக எழுதப்பட்ட குறிப்பை நாம் செய்முறை விளக்கமாக எடுத்துக்கொள்கிறோம்.

அதோடு, பாடல் நிற்கும் இடத்தையும் பார்க்கவேண்டும். யோகத்தின் முதல் படிகளான இயமம் (தீயவை விலக்கல்), நியமம் (நல்லவை கடைப்பிடித்தல்), ஆதனம் (இருக்கை) ஆகிய மூன்றையும் கடந்த பிறகே திருமூலர் பிராணாயாமத்துக்கு வருகிறார். கொல்லான், பொய் கூறான், களவிலான், பகுத்துண்பான் என்று இயமத்தில் நிற்பவனுக்கு அவர் சொல்லும் இலக்கணத்தை நான் ஒரே இரவில் புரட்டித் தள்ளிவிட்டு மூச்சுக்கு வந்திருந்தேன். மாறிச் செய்தால் வஞ்சகமாகிவிடும் என்று எச்சரிக்கும் நான்காம் அடியும் எண் இல்லாத அடி என்பதால் என் கண்ணில் படவே இல்லை.

வைத்தியர் கும்பகத்தை, அதாவது மூச்சை நிறுத்துவதை, அடியோடு நிறுத்தச் சொன்னார். கண் இரண்டு வாரத்தில் தெளிந்துவிட்டது. ஆனால் அமைதியாக உட்கார்ந்தாலே நெஞ்சுத் துடிப்பு காதில் கேட்பதும், அடுத்த மூச்சு வராதோ என்ற பயம் பிடிப்பதும் நீங்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த ஓராண்டில் நான் தியானம் என்று ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை.

சென்ற ஆடி மாதம் எங்கள் கூட்டத்துக்கு வந்த இளைஞர் ஒருவர், கைப்பேசியில் பதினாறு, அறுபத்துநாலு, முப்பத்திரண்டு விநாடிக்கு மணியடிக்கும்படி அமைத்து வைத்திருந்தார். "நாற்பது வரை வந்துவிட்டேன் சார், காதில் நாதம் கேட்கிறது" என்றார். நான் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். இரத்த அழுத்தம், இதய நோய், கண் நீர் அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கும்பகத்தின் பக்கமே போகக்கூடாது. மற்றவர்களும் இழுப்பதும் விடுவதும் சீராகும்வரை, மாதக்கணக்கில் ஆனாலும், நிறுத்தலைத் தொடவேண்டாம். காது இரைந்தால் அது நாதம் அன்று; அன்றைக்கு எழுந்துவிட வேண்டும் என்பதற்கான அடையாளம்.

ஒரு பெயருக்கு ஓர் ஆள் என்று எண்ணுவது

பதினோராந் திருமுறையில் உள்ள பட்டினத்துப் பிள்ளையாரின் பிரபந்தங்களையும், தாயின் உடலுக்குத் தீ மூட்டும்போது பாடியதாக வழங்கும் பட்டினத்தார் பாடல்களையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நடையே வேறாக இருப்பது காதுக்குத் தெரியும். இருவரும் வேறு வேறு காலத்தவர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. அகத்தியர் பெயரில் வழங்கும் மருத்துவப் பாடல்களுக்கும் இது பொருந்தும். சித்த மருத்துவப் பாடல் ஒன்றில் பறங்கிப்பட்டை என்ற மருந்தோ பறங்கிப்புண் என்ற நோயோ வந்தால், பறங்கி என்ற சொல் ஐரோப்பியரைக் குறிப்பதால், 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதற்குப் பிந்தைய தமிழைப் படிக்கிறீர்கள் என்று கொள்ளலாம். இதைச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். பழமை குறைந்தால் மருந்தின் வேகமும் குறைந்துவிடும் என்ற நினைப்பு போலும்.

சிவவாக்கியரைப் பாதியில் நிறுத்துவது

"நட்ட கல்லும் பேசுமோ" என்பது கடவுள் மறுப்பு போல மேடைகளில் முழங்குகிறது. "நாதன் உள்ளிருக்கையில்" என்பது அடுத்த சொற்றொடர். ராம நாமத்தைப் போற்றும் பாடல்களும் அவர் பெயரிலேயே உள்ளன.

பதினெட்டுப் பேரின் பட்டியலுக்காகச் சண்டையிடுவது

பதினெண் சித்தர் யார் யார் என்பதில் எந்த இரண்டு பட்டியலும் ஒத்துப்போவதில்லை. விட்டுவிடுங்கள்.

பாதரசம்

பாடலில் செய்முறை இருக்கிறதே என்று வீட்டு அடுப்பில் ஒருபோதும் ஏற்றாதீர்கள்.

வாய் திறக்காமல் படிப்பது

இந்தப் பாடல்கள் பெரும்பாலும் எவரையோ விளித்துப் பாடப்பட்டவை. பாம்பாட்டியார் பாம்பை ஆடச் சொல்கிறார், குதம்பையார் காதணி அணிந்த பெண்ணைக் கூப்பிடுகிறார், இடைக்காடர் கோனாரை அழைக்கிறார், அகப்பேய்ச் சித்தர் தம் மனத்தையே பேயே என்கிறார். கண்ணால் மட்டும் படித்தால் இந்த விளிகள் அடிக்கடி வரும் வெற்றுச் சொற்களாகத் தெரியும். புதியவர்கள் அவற்றைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். அந்தக் கைப்பேசி இளைஞருக்கு நான் கொடுத்த ஒரே பயிற்சி, அழுகணிச் சித்தரை "என் கண்ணம்மா" விடாமல் உரக்கப் பாடுவதுதான். ஒவ்வொரு கண்ணிக்குப் பிறகும் மூச்சு தானாக இறங்கி நிற்கிறது என்று இரண்டு வாரம் கழித்து அவரே வந்து சொன்னார்.