வியர்வை காயாத ஊரில் ஓட்ட உடுப்பைத் தெரிதல்

கொழும்பில் புதிதாக ஓடத் தொடங்குகிறவர் உடுப்பு வாங்கும்போது முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது வெயிலை அன்று, காற்றிலுள்ள ஈரத்தை. வெயிலுக்குப் பயந்து நாம் விடியற்காலை ஐந்தரைக்கே இறங்கினாலும், அந்த வேளையில்தான் ஈரப்பதன் உச்சத்தில் நிற்பதால், ஊறும் வியர்வை ஆவியாகாமல் உடுப்பிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே, குளிர் நாட்டவருக்கு எழுதப்பட்ட ஆலோசனைகளில் வரும் கையுறைகளையும் மேலங்கிகளையும் மறந்துவிட்டு, நனைந்த பிறகும் பாரமாகாத, தோலில் உரசாத உடுப்பு எது என்ற ஒரே கேள்வியோடு கடைக்குப் போவது நல்லது.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவ் வழியே முதன்முதலாக ஓடிய அன்று, வீட்டில் போடும் பழைய பருத்தி ரீசேர்ட்டும் பருத்திக் கட்டைக் காற்சட்டையுமே என் உடுப்பு. பம்பலப்பிட்டியை எட்டுமுன்பே ரீசேர்ட் நெஞ்சோடு ஒட்டி, அதன் விளிம்பு கனத்துத் தொங்கத் தொடங்கியது. வீடு திரும்பிக் குளித்தபோது, தொடையின் உட்பக்கத்தில் தண்ணீர் பட்ட இடமெல்லாம் மிளகாய்த் தூள் பட்டதுபோல எரிந்தது.

குற்றம் பருத்தியின் இயல்பில் இருக்கிறது. பருத்தி நூல் காற்றிலிருந்தே தன் எடையில் ஏறக்குறைய 8 வீத ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பொலியெஸ்டர் நூல் அரை வீதம்கூட உறிஞ்சாது. பொலியெஸ்டரில் வியர்வை நூலுக்குள் போகாமல், நூல்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய வழிகளால் துணி முழுவதும் பரவுகிறது. பரந்த பரப்பிலிருந்து அது விரைவாக ஆவியாகிறது. ஆனாலும் விலைச்சீட்டில் எழுதியிருக்கும் 'விரைவில் உலரும்' என்ற வாக்கைக் கொழும்பில் பாதிதான் நம்பலாம்: நம் காற்றில் எதுவும் ஓடி முடியுமுன் காய்வதில்லை, மெல்லிய பொலியெஸ்டர் நனைந்தாலும் கனக்காது என்பதே நமக்குக் கிடைக்கும் பயன். அதற்காகப் பொலியெஸ்டர் என்று எழுதியிருப்பதையெல்லாம் வாங்கிவிடவும் கூடாது. புறக்கோட்டையில் தொங்கும் மலிவான விளையாட்டுச் சேர்ட்டுகளில் சில, நெருக்கமாக நெய்யப்பட்டு மழைக்கோட்டைப் போலவே சூட்டை உள்ளே அடைத்து வைக்கும்.

கடையில் நின்றபடியே இதைச் சோதிக்கலாம். துணியை ஒற்றை மடிப்பாக வாயருகே பிடித்து ஊதி, மறுபக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், மூச்சு தாராளமாகப் படுகிறதா என்பது உடனே தெரியும். படாவிட்டால் எவ்வளவு மலிவானாலும் திரும்ப மாட்டிவிடுங்கள். அடுத்ததாக, சேர்ட்டை உள்வெளியாகப் புரட்டி, அக்குள், தோள், கழுத்துப் பின்புறம் ஆகிய இடங்களின் தையலை முன்கையின் மென்மையான உட்பக்கத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும். அங்கே சொரசொரப்பாகப் படும் தையல், முப்பது நிமிட ஓட்டத்தில் தோலை உரித்துவிடும்.

விலையைப் பொறுத்தவரை நாம் கொடுத்து வைத்தவர்கள். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கிய காலத்திலிருந்து இந்நாட்டின் தொழிற்சாலைகள் வெளிநாடுகளுக்கு உடுப்புத் தைத்து வருவதால், ஏற்றுமதியில் மிஞ்சியவையும் சிறு குறையால் தள்ளப்பட்டவையும் உள்ளூர்க் கடைகளுக்கு வருகின்றன. அங்கே பொறுமையாகத் தேடினால் நல்ல ஓட்ட உடுப்பு மலிவாக அகப்படும். மேலைநாட்டு உடலமைப்புக்குத் தைத்த 'மீடியம்' நமக்குத் தொளதொளவென்று இருக்கக்கூடும் என்பதால் போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். தையல் விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதோடு, மாற்றித் தருவார்களா என்று காசு கொடுக்குமுன்பே கேட்டுவிட வேண்டும்.

மேற்சட்டையில் மிச்சம் பிடிக்கும் காசை உரசல் மிகுந்த இடங்களுக்கு ஒதுக்குவது என் கணக்கு. தொடைகள் உரசுகிறவர்களுக்குச் சாதாரண காற்சட்டையைவிட, ஸ்பான்டெக்ஸ் கலந்து உடலோடு ஒட்டி நிற்கும் உட்காற்சட்டை பெரும் ஆறுதல். அது இல்லாத நாளில் சிறிது வாசலின் தடவினாலும் போதும். காற்சட்டையில் வீட்டுத் திறப்பு வைக்க சிப் உள்ள சிறு பை இருக்கிறதா என்றும் பாருங்கள். பருத்தி மேஸ் நனைந்து கொப்புளம் தரும் என்பதால், ரீசேர்ட் ஒன்றைக் குறைத்தாவது இரண்டு சோடி செயற்கை நூல் மேஸ் வாங்கலாம்.

பெண்கள் காசைத் தயங்காமல் செலவழிக்க வேண்டியது விளையாட்டு உள்ளாடைக்குத்தான். பாரத்தை முக்கியமாகத் தாங்குவது தோள்பட்டியன்று, மார்புக்குக் கீழே சுற்றிவரும் பட்டி. அதற்குள் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். கைகளை உயர்த்தும்போது அது மேலே ஏறக்கூடாது. உடுப்பு மாற்றும் அறையில் வெட்கப்படாமல் நாலைந்து முறை குதித்துப் பார்க்க வேண்டும். நீண்ட ரீசேர்ட்டும் லெகிங்ஸும் அணிந்து ஓடுகிறவர்களும், தலையை மூடி ஓடுகிறவர்களும் மேற்சொன்ன ஊதிப் பார்க்கும் சோதனையை அவை ஒவ்வொன்றுக்கும் செய்வது நல்லது.

நிறத்தில், சாம்பல் நிறம் வியர்வையை ஊருக்கே காட்டும். கடும் நீலம் மறைக்கும். ஆனால் இருள் பிரியுமுன் வீதியில் ஓடுகிறவருக்கு, முச்சக்கரவண்டிச் சாரதியின் கண்ணில் படும் மஞ்சளோ வெள்ளையோதான் பாதுகாப்பு. மழைக்காலத்துக்கென்று மழையங்கி வாங்க வேண்டாம். அதற்குள் ஓடுவது இடியப்பத்தோடு சேர்ந்து நாமும் அவிவதற்குச் சமம். நனைந்தால் நனையட்டும், கண்ணில் மழை விழாமல் விளிம்புள்ள தொப்பி ஒன்று போதும்.

தொடக்கத்தில் இரண்டு சோடி உடுப்பு போதுமானது. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், கொடியில் போட்டது மறுநாளும் ஈரமாகவே கிடக்கும் என்பதால், மூன்றாவது தேவைப்படும். ஓடி வந்ததும் உடுப்பைக் கூடைக்குள் சுருட்டிப் போடாமல் வெறும் தண்ணீரிலாவது அலசிவிடுங்கள், பொலியெஸ்டரில் ஏறிய வியர்வை நாற்றம் பிறகு இலகுவில் போகாது. துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தைச் சேர்த்தால், அது நூல்களின் மேல் படலமாகப் படிந்து வியர்வை பரவும் வழியை அடைத்துவிடும். சாதாரண சவர்க்காரத் தூளில் தோய்த்து, மின்விசிறிக்குக் கீழே விரித்துவிட்டால், மெல்லிய துணியாக இருந்தால் மறுநாள் விடிய எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கலாம்.